மாற்றுங்கள்... கேட்டுவிட்டு மாற்றுங்கள்!

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எல்லாரையும் போல ஒரு கவிதை கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சென்ற ஆண்டு மலரில் நிலாவைப் பற்றி மட்டும் ஏழு கவிதைகள் இருந்தன. எட்டாவது வேண்டாமே! அதனால் எனக்குத் தெரிந்ததைப் பற்றி எழுதுகிறேன். கிரிக்கெட்! சிரிக்காதீர்கள் நண்பர்களே. விளையாட்டுச் செய்தி மாதிரிதான் ஆரம்பிக்கும், போகப் போகப் பாருங்கள்.

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணியும் ஆட்களை மாற்றிக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. ராஜஸ்தான் கேப்டன் சஞ்சு சாம்சன் 18 கோடிக்குச் சென்னைக்கு. நம்ம ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்கு. 18 கோடி வாங்கிக்கொண்டிருந்தவருக்கு அங்கே 14 கோடி. கூடவே சாம் கரன், 2 கோடியே 40 லட்சத்துக்கு.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அன்றைக்கு நடந்த சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கடைசி ரெண்டு பந்த மறந்துட்டானுங்களா?" என்று கத்தினார். எந்த இரண்டு பந்து என்று யாரும் கேட்கவில்லை. 2023 இறுதி ஆட்டம், ஆமதாபாத், மழை பெய்து மறுநாளைக்குத் தள்ளிப்போய் நள்ளிரவு தாண்டி முடிந்த ஆட்டம். 2 பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா வீசினார். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டாரே! எங்கள் தெருவில் அந்நேரத்துக்கு வெடி வெடித்துத் திட்டு வாங்கினோம்.

"அதெல்லாம் சரி, கீப்பர் வேணாமா? தோனிக்கு 44 வயசு ஆவுது" என்றார் இன்னொருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 2025 சீசனில் 14 ஆட்டத்தில் 4 மட்டும் ஜெயித்துச் சென்னை முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனது. ராஜஸ்தானும் அதே 4 வெற்றி, அதே 8 புள்ளி, ரன் ரேட்டில் மட்டும் ஒரு படி மேலே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேர் நோட்டை மாற்றிக்கொண்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ஆட்டத்தின் கணக்குப்படி சென்னைக்கு அது தேவையான மாற்றம்தான். சாம்சன் அப்போது 31 வயது, முதலில் இறங்கி அடிப்பார், கீப்பிங்கும் செய்வார். ஜடேஜாவுக்கு 37 ஆகப்போகிறது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது யார் எத்தனை அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு சரி தப்பு சொல்வது சுலபம். நான் அதைப் பேச வரவில்லை.

நான் கேட்பது இதுதான். இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்கள் 'சமம்' என்று யார் முடிவு செய்கிறார்கள்? எந்தத் தராசில்?

ஒருவர் கீப்பர். இன்னொருவர் இடது கைச் சுழற்பந்து வீச்சாளர், மட்டையும் பிடிப்பார், ஃபீல்டிங்கில் சிறுத்தை. அந்தக் காலத்தில் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்குவார்களாம், பாட்டி சொல்லும். அது மாதிரிதான். தராசு சமமாக நிற்காததால் சாம் கரனைக் கொசுறாகப் போட்டார்கள். இந்தச் சாம் கரன் யார்? 2022 டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன். அதே டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் 18 கோடியே 50 லட்சம் கொடுத்து வாங்கியது. அதுவரைக்கும் ஐ.பி.எல். ஏலத்தில் யாரும் தொடாத விலை! மூன்றே வருடத்தில் கொத்துமல்லிக் கட்டு மாதிரி பையின் மேலே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆள் மாறவில்லை, கை மாறவில்லை. விலைதான் மாறியது.

இப்படி ஆளுக்கு ஆள் மாற்றுவது புதிதும் இல்லை. 2009-லேயே மும்பையின் ராபின் உத்தப்பாவைக் கொடுத்துப் பெங்களூரின் ஜாகீர் கானை வாங்கினார்கள். 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனபோது பதிலுக்கு ஆள்கூடக் கிடையாது, பணம் மட்டும்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அணி பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். 'உத்தி பிரிக்கிறது' என்போம். கபடியோ கில்லியோ கிரிக்கெட்டோ, இரண்டு தலைவர்கள் நின்றுகொள்வார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஒருவனை அவர்களே தேடி ஜோடி சேர வேண்டும். தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப்போய் ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "டிராக்டர் வேணுமா, ஜே.சி.பி. வேணுமா?" தலைவன் ஒன்றைச் சொல்வான். அந்தப் பெயர்க்காரன் அவன் பக்கம், இன்னொருவன் எதிர்ப்பக்கம். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அருமையான ஏற்பாடு! சமம் யார் என்பதை ஆடுகிறவனே சொல்கிறான். எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு மானக்குறைவு இல்லை.

ஆறு வயதிலிருந்து என்னுடைய உத்தி ஒருத்தன்தான். இடது கைப் பந்து வீச்சாளன் என்பதால் 'லெஃப்ட்டு' என்று கூப்பிடுவோம். ஏரி வற்றியபிறகு எங்களுக்கு அதுதான் சேப்பாக்கம். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண்ணில் டென்னிஸ் பந்தை உள்ளே திருப்புவான். பந்து எங்கே குத்தும் என்று அவனுக்கே தெரியாது, ஸ்டம்பு மட்டும் பறக்கும்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன்.

2025 பொங்கல் டோர்னமென்ட். நான்தான் கேப்டன். ஒரு அணியில் இரண்டு வெளியூர் ஆள் சேர்க்கலாம் என்று விதி. எங்களிடம் பந்து போட நாலு பேர் இருந்தார்கள், அடிக்கத்தான் ஆள் இல்லை. பக்கத்து ஊர் அணியில் ஒரு ஓப்பனர், வேப்ப மரத்துக்கு மேலே தூக்கி அடிப்பான். அந்த ஊர் கேப்டனைக் கூப்பிட்டு டீக்கடையில் உட்கார்ந்து நானேதான் பேச்சை ஆரம்பித்தேன். "உங்க ஓப்பனர எங்களுக்குக் குடு, எங்க லெஃப்ட்ட எடுத்துக்கோ." அவன் யோசித்தான். "சரிக்குச் சரி ஆவாது மச்சான், எங்க ஆளுதான் கொஞ்சம் பெரிய ஆளு" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லெஃப்ட்டைப் பற்றி அரை மணி நேரம் அளந்தேன். எத்தனை விக்கெட், யார் யாரை போல்டு ஆக்கினான் எல்லாம் சொன்னேன். கடைசியில் பேரம் எங்கே போய் நின்றது தெரியுமா? ஓப்பனரோடு இரண்டு புதுப் பந்தும் சேர்த்துத் தர வேண்டும் என்று வாங்கிவிட்டேன்! அன்றைக்குச் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வரும்போது எனக்கு இருந்த பெருமை... ஐ.பி.எல். முதலாளி தோற்றான் போங்கள்.

லெஃப்ட்டிடம் நான் சொல்லவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நம்ம பையன்தானே, சொன்னால் கேட்பான் என்று நினைப்பு. அதற்குள் பக்கத்து ஊர்ப் பையன்கள் ரேஷன் கடை வாசலில் வைத்து அவனை "வாடா எங்க டீமு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ராத்திரி அவன் வரவில்லை. அவங்க அம்மா வந்தார்கள். "ஏம்ப்பா, அவன வித்துட்டியாமே?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். எங்க அம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவனை வழியில் மறித்துப் பேசினேன். அவன் கேட்டது ஒரே கேள்விதான். "ரெண்டு பந்துக்காடா?"

டோர்னமென்ட் அன்று அவன் எங்களுக்கும் ஆடவில்லை, அவர்களுக்கும் ஆடவில்லை. மாமாவோடு பந்தல் போடுகிற வேலைக்குப் போய்விட்டான். ஓப்பனர் நன்றாகத்தான் அடித்தான், கப்பும் வாங்கினோம். போட்டோவில் நான் நடுவில் நிற்கிறேன். அந்தப் போட்டோவை நான் யாருக்கும் அனுப்பியதில்லை.

பத்து மாதம் கழித்து ஜடேஜா செய்தி வந்தபோது எனக்கு மற்றவர்கள் மாதிரி கத்தத் தோன்றவில்லை. அவருடைய பழைய கதையைத் தேடிப் படித்தேன். அதில் ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

2008-ல் முதல் ஐ.பி.எல். கோப்பையை ஷேன் வார்னே தலைமையில் ராஜஸ்தான் வென்றதே, நம் சென்னையைத் தோற்கடித்து? அந்த அணியில் 19 வயது ஜடேஜா இருந்தார். இரண்டு வருடம் ஆடினார். 2010-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், வேறு அணியோடு தானே சம்பளம் பேசினார் என்று சொல்லி அந்த சீசன் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தார். அப்புறம் 2011-ல் கொச்சி, 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னை. நடுவில் அணி தடையில் இருந்த 2016, 2017 போக, 12 சீசன் சென்னைக்கு ஆடினார்.

கவனியுங்கள் நண்பர்களே! 21 வயதுப் பையன் தனக்காகத் தானே போய்ப் பேசினால் அது ஒழுங்கீனம், ஒரு வருடத் தண்டனை. அவனுக்காக இரண்டு முதலாளிகள் பேசினால் அதற்குப் பெயர் 'டிரேடு', டி.வி.யில் பட்டாசு! அதே ஆள், கடைசியில் போய்ச் சேர்ந்ததும் அதே ராஜஸ்தான்.

"விதியில் ஆட்டக்காரர் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறதே, அவர் கையெழுத்துப் போட்டுத்தானே போனார்?" என்று எங்கள் வகுப்பு நண்பன் மடக்கினான். உண்மைதான். ஐ.பி.எல்.லில் ஆட்டக்காரர் ஒத்துக்கொள்ளாமல் மாற்ற முடியாது. ஜடேஜாவும் சாம்சனும் சம்மதித்துத்தான் போனார்கள், உள்ளே என்ன பேசினார்கள் என்பது பேசியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த விதியின் மறுபாதியையும் பாருங்கள். ஆட்டக்காரர் 'மாட்டேன்' என்று சொல்லலாம், 'போகிறேன்' என்று தானாகச் சொல்லிப் போக முடியாது. கடைசி வார்த்தை அணி முதலாளிக்கு.

கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் குடும்பத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் நான்தான். அப்பா கல் குவாரியில் லோடு ஏற்றுகிறார். சம்பள நோட்டில் கைநாட்டு. விரலைப் பிடித்து மையில் ஒற்றி அவர்கள் காட்டுகிற இடத்தில் வைப்பார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதுவும் காகிதத்தில் 'சம்மதம்'தான். எல்லாம் முடிந்தபிறகு வாங்குகிற கையெழுத்து வேறு, முடிவு செய்யும் முன்னால் கேட்கிற கேள்வி வேறு.

உத்திரமேரூர்க்காரன் எழுதினால் குடவோலை வராமல் இருக்குமா? ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் பராந்தக சோழன் காலத்தில் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த ஊர் என்று எங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பெருமைதான். ஆனால் வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் உங்கள் பெயர் ஓலையில் ஏறும் என்றும் அதே சுவரில் வெட்டியிருக்கிறது. எங்கள் தாத்தா பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. சரி, அது இருக்கட்டும்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம், நம்ம கிரிக்கெட்டுக்குத் தூரத்துப் பங்காளி. ஆட்களை மாற்றிக்கொள்வது அங்கே நூறு வருடத்துக்கு மேற்பட்ட வழக்கம். 1969-ல் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர், செயின்ட் லூயிஸ் அணிக்கு 12 வருடம் ஆடியவர், அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் போகவில்லை! வாங்கி விற்க நான் என்ன சொத்தா என்று ஆட்டத்தின் தலைமை ஆணையருக்குக் கடிதம் எழுதினார். 1970 சீசனையே விட்டுவிட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972-ல் 5-க்கு 3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று. ஆனால் மறு வருடமே ஒரு விதி வந்தது. மொத்தம் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. தோற்றவர் வாங்கிக் கொடுத்த விதி என்று நான் நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு வந்த டீச்சர் 'மனமொத்த மாறுதலில்' வந்தவர். அரசு வேலையில் இருக்கிற இரண்டு பேர், ஒரே பதவி, ஒருவருக்கு இந்த ஊர் வேண்டும், இன்னொருவருக்கு அந்த ஊர் வேண்டும். அவர்களே ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, பேசி, இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போடுவார்கள். மேலதிகாரி பார்த்து ஆணை கொடுப்பார். மனமொத்த மாறுதல்! என்ன அழகான பெயர்! உத்தி பிரிப்பதை அரசாங்கப் பாஷையில் சொன்னால் இதுதான்.

ஐ.பி.எல்.லுக்கும் இது பொருந்தும் என்கிறேன். சமமான இரண்டு பேர் தாங்களே பேசி, எங்களை மாற்றுங்கள் என்று கேட்க விதி இருக்கட்டும். அப்படிக் கேட்டவனுக்கு 2010 மாதிரித் தண்டனை வேண்டாம். முதலாளிகளுக்கு யோசனை வந்தால் ஆட்டக்காரனிடம்தான் முதலில் போக வேண்டும், பத்திரிகைக்கு அப்புறம் போகட்டும். அணி முன்னேற வேண்டாமா, பாசத்தைப் பார்த்தால் கோப்பை வருமா என்று கேட்பீர்கள். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லையே! ரசிகனைக் கேட்டு மாற்ற வேண்டும் என்றும் சொல்லவில்லை. ரசிகனைக் கேட்டால் இன்னும் நாலு வருடம் தோனியே கீப்பிங் செய்ய வேண்டியதுதான்.

கோடி கோடியாய் வாங்குகிறவனுக்கு நீ எதற்கு அழுகிறாய் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்காக நான் அழவில்லை.

லெஃப்ட்டு பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட்டில் போனான். காலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ். ஐந்தாறு மாதத்தில் வெல்டிங் லைனில் கை நன்றாகப் பழகிவிட்டது என்று சொன்னான். திடீரென்று ஒரு நாள் பஸ் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. என்ன என்று கேட்டால், "இன்னைலேர்ந்து உனக்கு வேற பிளான்ட்டு, அங்கேர்ந்து ஒருத்தன் இங்க வரான்" என்றாராம் சூப்பர்வைசர். புது இடத்தில் அட்டைப் பெட்டி மடிக்கிற வேலை. வெல்டிங் கற்றுக்கொண்டது போயிற்று. அங்கிருந்து இங்கே வந்தவன் யார், எந்த ஊர், அவனுக்கு என்ன கஷ்டம் என்று இவனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதே இல்லை.

இதை அவன் என்னிடம் சொன்னது இந்தப் பொங்கலுக்கு முன்னால், ஏரிக்கரை மேல். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து அன்றைக்குத்தான் உட்கார்ந்து பேசினோம். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவனே சிரித்துவிட்டான். "நீயாவது எனக்கு ரெண்டு பந்து கேட்டடா. இவனுங்க ஒண்ணுமே கேக்கல."

நமக்கும் இன்னும் சில மாதத்தில் கேம்பஸ் இன்டர்வியூ. மெக்கானிக்கல் படித்த நான் எந்த லைனில் நிற்பேன், என்னை எதற்குப் பதிலாக எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது. வேலை நியமனக் கடிதத்தில் 'நிர்வாகம் விரும்பும் இடத்துக்கு மாற்றலாம்' என்று ஒரு வரி இருக்கும் என்று சீனியர் அண்ணன்கள் சொல்கிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். போடாமல் இருக்க முடியாது, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் படிப்பேன். இரண்டாவது தடவையும் படிப்பேன். மாற்றும்போது ஏன் என்று ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்பேன்.

பொங்கல் டோர்னமென்ட் கமிட்டிக்கு நானும் லெஃப்ட்டும் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெளியூர் ஆள் மாற்றும்போது அந்த ஆட்டக்காரன் முதலில் கையெழுத்துப் போட வேண்டும், கேப்டன்கள் அதற்கு அடியில்தான் போட வேண்டும் என்று. கமிட்டித் தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "டென்னிஸ் பால் மேட்ச்சுக்கு இவ்ளோ சட்டமாடா?" என்றார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை